பீரோவின் அடித்தட்டா, ஜவுளிக்கடையா: ஒட்டுத்துணிப் போர்வைக்கு எந்தத் துணி?

வீட்டில் மடித்துக் கிடக்கும் பழைய நூல் சேலைகளையும் வேட்டிகளையும் வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதா, கடையில் புதிதாகப் பருத்தித் துணி எடுத்துத் தைப்பதா, இரண்டையும் கலப்பதா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். செலவும் கணக்கில் வரத்தான் வேண்டும். ஆனால் இதுவரை நான் தைத்த ஐந்து போர்வைகளில் இரண்டு கெட்டுப்போனதற்குச் செலவு காரணமில்லை. ஒன்றில் புதுத் துணியைத் துவைக்காமல் வெட்டினேன். மற்றொன்றில் நைந்த துணியைக் கெட்டியான புதுத் துணிக்குப் பக்கத்தில் வைத்து இணைத்தேன். துணியைத் தேர்ந்தெடுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு போர்வைகளிலிருந்து வந்ததுதான்.

ஒப்பிடுவதற்கு முதலில் ஓர் அளவு வேண்டும். ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் என்று கொள்வோம். தைத்து முடித்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்களாக அமைத்தால் அகலத்தில் 10, நீளத்தில் 15, ஆக 150 சதுரங்கள் தேவைப்படும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குலப் பன்னாவில் (பன்னா என்பது துணியின் அகலம்) குறுக்கே 6 சதுரங்கள் விழும் என்பதால் மேல்பரப்புக்கு ஏறக்குறைய 4.15 மீட்டரும், இரண்டு பன்னாவை இணைத்துப் போடும் அடித்துணிக்கு 4.8 மீட்டரும், ஓரப்பட்டிக்கு அரை மீட்டரும் ஆகும். சுருங்குவதற்கும் வெட்டுப்பிழைக்கும் சேர்த்து 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கும் கடைகளில் சுமாரான பருத்தித் துணி மீட்டர் 100 ரூபாயில் தொடங்கி, கொஞ்சம் நல்ல நெசவு 200 ரூபாய்க்குப் போகிறது; ஆக, முழுக்கப் புதுத் துணியில் தைத்தால் துணிக்கு மட்டும் 1,000 முதல் 2,000 ரூபாய். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போய்வரக்கூடியவர்களுக்கு இது குறையலாம். பழைய துணியில் தைத்தால் இந்தத் தொகை மிச்சம். அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய நேரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புதுத் துணியின் பெரிய வசதி, அதன் ஒழுங்கு. பன்னா ஒரே சீராக இருக்கும்; பாவும் ஊடையும் நேராக ஓடும்; ஒரே நிறத்தில் 150 சதுரம் கேட்டாலும் ஒரே கட்டிலிருந்து கிடைக்கும். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய நட்சத்திர வடிவங்கள், முக்கோண இணைப்புகள் போன்றவற்றைத் தைக்க நினைப்பவர்கள், அதிலும் முதல்முறை தைப்பவர்கள், இந்த ஒழுங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பாவும் ஊடையும் நேராக ஓடாமல் கோணிய துணியில் வெட்டிய சதுரம் மேசை மேல் சதுரமாகத்தான் தெரியும். நான்கு வரிசை தைத்த பிறகு போர்வையே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் கடையில் விரித்துக் காட்டும்போது புதுத் துணிக்கு இருக்கும் விறைப்பில் பாதி கஞ்சி. மலிவான துணியில் இழைகளுக்கு இடையே கஞ்சி நிரம்பியிருப்பதால் அது கெட்டி நெசவுபோல் தோன்றும். இரண்டு துவைப்புக்குப் பிறகு கொசுவலைபோல் தொய்ந்துவிடும். ஒரு மூலையைக் கசக்கி, கறுப்புத் துணியின்மேல் உதறினால் வெள்ளைப் பொடி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தத் துணியைப் பற்றி உங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று பொருள். ஒரு மீட்டர் மட்டும் வாங்கிவந்து துவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குவது நல்லது.

சுருங்குவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். துவைக்காத பருத்தித் துணி முதல் நீரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது இயல்பு. ஆறரை அங்குலச் சதுரத்தில் நூற்றுக்கு நான்கு என்பது கால் அங்குலம். தையலுக்காக ஒரு பக்கத்தில் நாம் விட்டிருக்கும் அளவே அதுதான். எல்லாத் துணியும் ஒன்றுபோல் சுருங்கினால் போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவே. ஏற்கெனவே நூறு முறை துவைத்த பழைய வேட்டிச் சதுரத்துக்குப் பக்கத்தில் துவைக்காத புதுச் சதுரம் இருந்தால், ஒன்று சுருங்க மற்றொன்று நிற்க, தையல் நெடுகிலும் சுருக்கம் விழுந்து, எந்த இஸ்திரிக்கும் படியாத மேடும் பள்ளமுமாகிவிடும்.

சாயம் இதைவிடப் பெரிய தொல்லை. நான் முதலில் தைத்த போர்வையில் அப்பாவின் எட்டு முழ வேட்டிகளை வெள்ளைச் சதுரங்களாகவும், கடையில் வாங்கிய மிளகாய்ச் சிவப்புத் துணியை மாற்றுச் சதுரங்களாகவும் சதுரங்கப் பலகைபோல் அமைத்திருந்தேன். முதல் துவைப்பில் வெள்ளை முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாக மாறியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சிவப்பைத் தொட்ட ஓரங்கள் மட்டும் ரோஜா நிறமாகி, நடுவில் வெள்ளை அப்படியே நின்று, ஒவ்வொரு சதுரமும் ஈரம் ஊறிய சுவர்போல் ஆனது. உப்பு, வினிகர் என்று அக்கம்பக்கத்தில் சொன்ன எதுவும் இன்றைய சாயங்களை நிறுத்தவில்லை. (சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்ற காலமும் உண்டு: 1950களின் இறுதியிலும் 60களிலும் அமெரிக்காவில் நம் ஊர்க் கட்டம்போட்ட துணி ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே நாகரிகமாக விற்றது. அது சட்டை, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் பார்க்க நன்றாயிருந்திருக்கும். போர்வையின் வெள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது.) இப்போது ஒவ்வொரு புதுத் துணியிலும் ஒரு மூலையை நனைத்து, வெள்ளை மல் துணிக்குள் மடித்துவைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறேன். மல் துணியில் கறை படிந்தால், மூன்று முறை தனியாக அலசி மறுபடியும் பார்ப்பேன்; அப்போதும் படிந்தால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம்.

பழைய துணியில் இந்த இரண்டு கவலையும் பெரும்பாலும் இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், கஞ்சியின் ஒப்பனை கலைந்து, தான் எப்படிப்பட்ட துணி என்பதை அது ஏற்கெனவே காட்டிவிட்டது. தொடுவதற்கு உள்ள மென்மையை எந்தப் புதுத் துணியும் தராது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய நூல் சேலைத் துணியைச் சுற்றுவதும், தூளிக்குப் பழைய சேலையையே தேடுவதும் சிக்கனம் கருதி மட்டும் வந்த வழக்கங்கள் அல்ல.

பழைய துணியின் சிக்கல், அது எல்லா இடத்திலும் ஒரே வயதாக இருப்பதில்லை. சென்ற ஆண்டு என் அத்தை கொடுத்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலையை மொட்டைமாடிக் கொடியில் முழு நீளத்துக்கும் விரித்து, வெயில் பின்னாலிருந்து வருமாறு நின்று பார்த்தேன். மதுரைச் சுங்குடியின் சிறப்பே முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதால் விழும் புள்ளிகள். இடுப்பில் செருகும் உள்தலைப்பில் அந்தப் புள்ளிகள் வெள்ளைவெளேரென்று, சுற்றிலும் அரக்கு அடர்த்தியாக, நேற்று வாங்கியதுபோல் இருந்தன. உட்காரும் இடத்தில் நிறம் வெளிறி, புள்ளிக்கும் புலத்துக்கும் வித்தியாசம் குறைந்து, வெயில் சல்லடை வழியே வருவதுபோல் துணியினூடே வந்தது. ஃபால்ஸ் தைத்திருந்த கீழ்விளிம்பு பிய்ந்திருந்தது. முந்தானையில் தோளுக்கு வரும் இடத்தில் ஊக்குக் குத்திய ஓட்டைகள் கொத்தாக இருந்தன. ஐந்தரை மீட்டர் சேலையில் கணக்குப்படி 198 சதுரம் வெட்டலாம். எனக்குக் கிடைத்தவை 110. பழைய சேலையை நம்பி இறங்குபவர்கள் கணக்கில் பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குமேல் கிடைப்பதை லாபமாக வைத்துக்கொள்ளலாம்.

வேட்டியில் மடிப்புக் கோடுகள் முதலில் நைந்து போகும். கரையை ஒட்டிய பகுதி நெடுநாள் தாங்கும். முழுக்கைச் சட்டையில் கழுத்துப்பட்டையும் அக்குளும் போனாலும் முதுகு நன்றாக இருக்கும். பெரிய அளவுச் சட்டையின் முதுகில் மட்டும் 12 சதுரம் வரும். கைலி அருமையான துணி, ஆனால் அடர்ந்த நிறக் கைலி எத்தனை ஆண்டு கட்டியதாக இருந்தாலும் சாயத்தைச் சோதித்துவிட வேண்டும். பட்டுச் சேலையை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்: மடிப்பில் ஒடிந்த பட்டு தையலில் நிற்காது, சரிகை அருகிலுள்ள துணியைக் குத்தும். பாலியஸ்டர், நைலெக்ஸ் வகைகள் வழுக்கும், வியர்க்கும், இஸ்திரியில் உருகும். எது பருத்தி என்று தெரியவில்லையென்றால் இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்; பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உறையும்.

வெளியிலிருந்து வந்த பழைய துணியை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டும். தையல் பிரிப்பது, ஊக்கு ஓட்டைகளைச் சுற்றிச் சாக்பீஸால் குறிப்பது, வெளிச்சத்தில் பார்ப்பது, இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துச் சோதிப்பது எல்லாம் சேர்ந்து, புதுத் துணியில் ஒரு மாலையில் முடியும் வெட்டு வேலையை நான்கைந்து நாள் இழுக்கும். ஒரு மாதத்துக்குள் திருமணப் பரிசாகக் கொடுக்க வேண்டியிருந்தால் பழைய துணியை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

துணி யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பல வீடுகளில் இறந்தவருடைய உடுப்பைச் சலவைத் தொழிலாளிக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுத்துவிடுவதே வழக்கம். அதை வெட்டிப் போர்வையாக்கி மேலே போட்டுக்கொள்வதை மூத்தவர்கள் விரும்பாமல் போகலாம். கத்தரியை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது மேல். இதற்கு நேர்மாறான வழக்கமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில், ஆறு வளைந்து சூழும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942-இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளை வெட்டிப் போர்வை தைத்துக்கொண்டார். வெளுத்த முழங்கால் பகுதிகளும் கறைகளும் அந்தப் போர்வையில் அப்படியே இருக்கின்றன. அதே வட்டாரப் பெண்கள் 1966-இல் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு, 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரிவரியாகப் புடைத்த கெட்டித் துணி) தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. உறைகளுக்கு வெட்டியதில் மிஞ்சிய புதுத் துண்டுகள் ஊருக்குள் வந்தன. அதன்பின் தைத்த போர்வைகளில் கெட்டியான, ஒளிரும் நிறங்கள் சேர்ந்தன. ஒரே ஊர்ப் பெண்கள் உடுத்திக் கழித்ததையும் ஆலை மிச்சத்தையும் ஒரே தேர்ச்சியோடு கையாண்டிருக்கிறார்கள் என்பதை, 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தபோது வெளியுலகம் பார்த்தது. பழைய துணிதான் உயிருள்ளது, புதுத் துணி வெறும் சரக்கு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

பழையதிலும் புதியதிலும் சேராத இரண்டு வகைகள் நம் வீடுகளில் உண்டு. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி முதலாவது. யாரும் தைத்துக்கொள்ளாமல் வீடு வீடாகச் சுற்றிவரும் அந்தத் துணி நம் பீரோவில் பத்துப் பதினைந்தாவது இருக்கும். ஒட்டுத்துணிப் போர்வைக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை என்று தோன்றும். எரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை பாலியஸ்டர் கலப்பு. பருத்தியாகத் தேறுபவற்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சுற்றுக்கே அனுப்பிவிடலாம். இரண்டாவது, தையல்கடை வெட்டுத்துணி. கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். துண்டுகள் சிறியவை, கோணலானவை, கலப்படமானவை. தலையணை உறைக்கோ மேசை விரிப்புக்கோ ஆகும், முழுப் போர்வைக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது. திருப்பூர்ப் பனியன் துணித் துண்டுகளும் அப்படித்தான்: இழுபடும் பின்னல் துணியை இழுபடாத நெசவுத் துணியோடு இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

இனிக் கலப்பு. என்னுடைய இரண்டாவது தவறு இங்கேதான் நடந்தது. மெலிந்த சேலைச் சதுரங்களையும் கெட்டியான புதுக் காடாத் துணிச் சதுரங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தேன். எட்டு மாதத்தில் சேலைச் சதுரங்கள் கிழிந்தன. கிழிசல் நடுவில் வரவில்லை, தையலிலும் வரவில்லை. தையலுக்கு ஒரு நூல் தள்ளி, அதன் நெடுகிலும் சேலைத் துணியில்தான் வந்தது. நனைந்த போர்வையைத் தூக்கும்போது கெட்டித் துணி வளைந்துகொடுக்காததால் இழுப்பு முழுவதையும் பக்கத்து மெலிந்த துணியே வாங்கிக்கொள்கிறது. ஊசி துளைத்த வரிசை அதற்கு வழிகாட்டிவிடுகிறது. கலக்கக்கூடாது என்பது இதிலிருந்து பெறும் முடிவாகாது. மேல்பரப்பில் அடுத்தடுத்து வரும் துணிகள் கனத்தில் ஒத்திருக்க வேண்டும். பழைய சேலைக்குப் பக்கத்தில் புதுத் துணி வைத்தே ஆக வேண்டுமென்றால் மல் துணி, மெல்லிய கேம்பிரிக் போன்றவற்றை இரண்டு முறை துவைத்து வைக்கலாம். சதுரம் மெலிந்திருந்தாலும் வடிவத்துக்காக வேண்டும் என்றால், அதன் பின்புறம் அதே அளவில் மல் துணி ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைக்க வேண்டும். தையலையும் மிக நெருக்கமாக வைக்கக்கூடாது; நைந்த துணியில் நெருங்கிய தையல் கிழிப்பதற்குப் போட்ட கோடாகிவிடும்.

போர்வையில் இழுப்பும் உராய்வும் அதிகம் படும் இடங்கள் ஓரப்பட்டியும் அடித்துணியும். இரண்டுக்கும் நான் புதுத் துணியையே சொல்வேன். முகத்தருகே இழுத்துப் போர்த்தும் மேல்விளிம்பு எந்தப் போர்வையிலும் முதலில் பிய்வதால், ஓரப்பட்டியை இரண்டரை அங்குலமாக வெட்டி இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டும். அடித்துணிக்கு இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை வாங்கிவிட்டால் நடுவில் இணைப்பும் வராது, பெரும்பாலும் மீட்டர் துணியைவிட மலிவாகவும் முடியும். கையால் தைப்பவர்கள் மட்டும் நெருக்கமான நெசவுள்ள விரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஊசி இறங்காமல் விரல்தான் நோகும்.

நடுஅடுக்குக்கு நம் சமவெளி ஊர்களில் பஞ்சே வேண்டாம். மேல்பரப்புக்குத் தேறாத சேலைப் பகுதிகளை, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, ஓர் அடுக்காக உள்ளே விரித்தால் போதும். வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, பஞ்சில்லாமல் பழைய துணியாலேயே ஆனது. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச்சுற்றி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு சரியாக வரும். இலவம் பஞ்சு மெத்தைக்கு ஏற்றது; துவைக்கும் போர்வையில் போட்டால் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும்.

ஆக, யாருக்கு எது? விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு, யார் எப்படித் துவைப்பார்கள் என்று தெரியாத போர்வைக்கு, முழுக்கப் புதுத் துணி. கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டுக்கும் அதுவே. பேரக்குழந்தைக்கான சிறிய விரிப்புக்கு முழுக்கப் பழைய நூல் சேலை. அதில் புதுத் துணிக்கு வேலையே இல்லை. வீட்டில் நாள்தோறும் போர்த்திக்கொண்டு, மிஷினில் மென்மையான சுற்றிலோ கையால் கும்மியோ துவைக்கப்போகும் போர்வைக்கு, மேல்பரப்பில் பழையதும் அடியிலும் ஓரத்திலும் புதியதும் என்ற கலப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். கணக்குப்படி துணிச் செலவும் ஏறக்குறைய பாதியாகும். அம்மாவின் கல்யாணத்து நூல் சேலை, ஒரே ஒரு கண்டாங்கி என்று மிஞ்சியிருப்பதை வெட்டலாமா என்று கேட்பவர்களிடம் மட்டும் நான் தயங்குகிறேன். உள்தலைப்பிலிருந்து நான்கு சதுரம் மட்டும் எடுத்து நடுவில் வைத்துவிட்டு, சேலையைக் கட்டக்கூடிய நீளத்தில் விட்டுவைக்கும் வழி பலருக்கு உவப்பாக இருந்திருக்கிறது.

தைத்து முடித்ததும் ஒவ்வொரு துணியிலும் இரண்டு சதுரத்தைக் கூடுதலாக வெட்டி, ஓரமடித்து, ஒன்றாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டுப்போட அவை வேண்டும். அவற்றைப் பீரோவில் பூட்டிவைக்காமல், போர்வையைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதோடு சேர்த்துத் துவைத்து, பக்கத்திலேயே காயப்போட்டு வருகிறேன். அப்போதுதான் அவையும் போர்வையோடு சேர்ந்து வெளுத்திருக்கும், ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியாது.